வலப்பக்கத்து நாற்காலி

நூலக ஊழியர்களுக்கான பயிற்சி மேல்மாடிக் கூடத்தில் நடந்தது. வாசகருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று பேச்சுக் கொடுத்துக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் பாடம்.

"மருத்துவப் புத்தகம் எங்க இருக்குன்னு கேட்டு வருவாங்க. வீட்ல யாருக்கு என்ன வந்திருக்குன்னு சொல்ல மாட்டாங்க," என்றார் பயிற்சி கொடுக்க வந்த அம்மாள். "ஆமா, இல்லைன்னு பதில் வர்ற கேள்வி வேண்டாம். என்ன, எப்படின்னு கேளுங்க. அவங்க கடைசியா சொன்ன வார்த்தையையே திருப்பிச் சொல்லுங்க. அப்புறம் வாயை மூடிக்கிட்டு இருங்க. நம்ம ஆளுங்களுக்கு அதுதான் கஷ்டம்."

எல்லோரும் சிரித்தார்கள். அதைப் பார்த்து, அங்கே இருந்த ஓரகத்திகள் இருவரில் மூத்தவளும் சிரித்தாள்.

பல வருஷமாகத் தகவல் மேசையில் இருப்பவள் அவள். பக்கத்தில் இருந்த இளையவள், அவள் கொழுந்தனின் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்படி. இவளுக்கு இங்கே வேலை வாங்கித்தர நடையாய் நடந்ததும் மூத்தவள்தான்.

இடைவேளையில் இருவரும் டீயோடு மாடிப்படியில் உட்கார்ந்தார்கள்.

"காலையிலேர்ந்து என்னவோ மாதிரி இருக்கீங்களேக்கா. என்ன?"

"ஒண்ணுமில்ல. அந்தம்மா பேசினது பாதி காதுல விழல."

"காதுல விழல," என்றாள் இளையவள். அப்புறம் டீயை ஊதிக்கொண்டு சும்மா இருந்தாள்.

அந்தச் சும்மா இருத்தல் மூத்தவளின் நெஞ்சைத் தளர்த்தியது. வீட்டில் அவள் வாயைத் திறந்தாலே யாராவது குறுக்கே விழுவார்கள். புருஷனிடம்கூடச் சொல்லாததை இப்போது சொன்னாள். இடது காது போய்விட்டது. அதனால்தான் வாசகர் உட்காரும் நாற்காலியைத் தன் வலப்பக்கம் போட்டிருக்கிறாள். வெளியே தெரிந்தால் மேசை போய்விடும். குழம்பி வருகிறவர்களைச் சிக்கெடுத்து அனுப்பும் அந்த மேசை ஒன்றுதான் தனக்கென்று இருக்கிற இடம்.

"வேற ஏதாவது இருக்காக்கா?"

இல்லை என்றாள். மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் பாத்திரங்களை எல்லாம் அவளே தேய்த்தாள், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு.

மறுநாள் தலைமை நூலகர் கூப்பிட்டு அனுப்பினார். அவள் உள்ளே போனதும் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, அவளுடைய வலப்பக்கமாக நின்றுகொண்டார். பிறகு உரத்த குரலில், "கிடங்கு அறையில அமைதியா இருக்கும்மா. மேசையை உங்க வீட்டு இளையவங்க பாத்துக்கட்டும். உங்க நல்லதுக்குத்தான்," என்றார்.

அவர் சொன்னது அப்புறம்தான் உறைத்தது. வலப்பக்கம் வந்து நின்றாரே, அதுதான் முதலில் சுட்டது. எந்தக் காது என்று ஒருத்திக்குத்தான் தெரியும்.

வராந்தாவில் நடக்கும்போது மாடிப்படி ஞாபகம் வந்தது. என்ன என்ற கேள்வி. திருப்பிச் சொன்ன வார்த்தை. மௌனம். காலையில் படித்த பாடத்தை இடைவேளையிலேயே தன்மேல் பழகிப் பார்த்திருக்கிறாள். பாசம் என்று நினைத்தோமே என்று கூசியது. அதைவிட, கேட்க ஓர் ஆள் கிடைத்ததும் இத்தனை சுலபமாகத் திறந்துகொண்டோமே என்பது கூசியது.

தகவல் மேசையில் அதற்குள் இளையவள் உட்கார்ந்திருந்தாள். வாசகர் நாற்காலி எதிர்ப்பக்கம் நகர்ந்திருந்தது. மூத்தவள் அதில் உட்கார்ந்தாள்.

"அக்கா, சார்தான் தானா கேட்டாரு..."

"எப்படிக் கேட்டார்?"

"இல்ல, நான்தான் பேச்சுவாக்குல சொல்லிட்டேன். உங்க மேல இருக்கற அக்கறையில."

"அக்கறையில," என்றாள் மூத்தவள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

இளையவள் பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள். "வீட்லயும் உங்களுக்கு அடுத்தவ. இங்கயும் உங்களுக்கு அடுத்தவ. எதை எடுத்தாலும் நீங்க பாத்துக் குடுத்தது. இந்த மேசையாவது எனக்குன்னு இருக்கட்டுமேன்னு..."

தனக்கென்று ஓர் இடம். இதுதான் இளையவள் தேடி வந்தது. தனக்கு வேண்டியிருந்ததும் இதேதான் என்று மூத்தவளுக்குப் புரிந்தது. புரிந்ததால் வலி குறையவில்லை.

"வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

பதிலுக்குக் காத்திராமல் எழுந்து கிடங்கு அறைப் பக்கம் திரும்பினாள். பின்னால் இளையவள் என்னவோ சொன்னாள். அது இடப்பக்கம் விழுந்தது.