ஆறாவது முகமூடி

எங்கள் காளான் பண்ணையில் முதலாளியை முதலாளி என்று கூப்பிடக் கூடாது. அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். காபிக் கடைகள் தூக்கிப் போடும் சக்கையைத் தகர வாளிகளில் நிரப்பிக் காளான் வளர்க்கிறோம். பறிக்கிற பெண்கள் எல்லாரும் சிறைக்குப் போய் வந்தவர்கள். நானும் என் தங்கையும் ஒரே வழக்கில் உள்ளே போனோம். வெளியே வந்தபோது சொந்தச் சித்தப்பாவே கதவைத் திறக்கவில்லை. இந்த அக்கா திறந்தார். அந்த நன்றி எனக்கு இருக்கிறது. அதனால்தான் வயிறு இன்னும் எரிகிறது.

காளான் முற்றினால் தூள் விடும். மூன்றாம் அறையில் விளக்கைப் போட்டால் அது மிதப்பது கண்ணுக்கே தெரியும். எட்டு மாதத்தில் தங்கை நாலு படி ஏறினாலே நின்று மூச்சு வாங்கினாள்.

"இந்த வேலைய விட்டுடும்மா," என்றார் டாக்டர். "முடியாதுன்னா மூக்கோட ஒட்டி நிக்கிற வெள்ள முகமூடி போடு. துணியெல்லாம் வேலைக்கு ஆகாது."

விட்டால் அவளுக்கு வேறு எவன் வேலை தருவான்? நானே ஒன்று வாங்கி வந்தேன். வாசலில் பையைச் சோதித்துப் பிடுங்கிக்கொண்டார்கள். பார்க்கத் துணி மாதிரி இருந்தாலும் அதன் இழை பிளாஸ்டிக்காம். பண்ணைக்குள் பிளாஸ்டிக் நுழையக் கூடாது. அன்றன்று சேர்ந்த பிளாஸ்டிக் எவ்வளவு என்று முன் சுவர்ப் பலகையில் எழுதுவது மேற்பார்வை பார்க்கிற என் வேலை. தினமும் பூஜ்ஜியம்.

அக்காவிடம் போய் நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கூடக் கலங்கியது.

"மண்ணுல மக்குற மாதிரி ஒன்னு தேடிட்டிருக்கேம்மா. கெடச்சதும் மொத முகமூடி உன் தங்கச்சிக்குத்தான். அதுவரைக்கும் துணிய ரெண்டா மடிச்சுக் கட்டச் சொல்லு."

ஐந்து மாதம் தேடினார். அதற்குள் விருதுக் குழு வந்துவிட்டது. சமூகத்துக்கும் பூமிக்கும் நல்லது செய்யும் தொழிலுக்கு விருதாம். ஆறு பேர் வந்தார்கள். அக்கா பீரோவைத் திறந்து ஆறு வெள்ளை முகமூடிகளை எடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இது விருந்தாளிங்களுக்கும்மா," என்றார் என் முகத்தைப் பார்த்து. "அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? போகும்போது அவங்களே கொண்டுபோயிடுவாங்க. நம்ம கணக்குல வராது."

சுற்றிப் பார்த்து முடித்தவர்கள் முகமூடிகளைக் கழற்றி வாசல் கூடையில் போட்டுவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தார்கள். ஒன்றை உருவிக்கொண்டு மூன்றாம் அறைக்கு ஓடினேன். உள்ளே லிப்ஸ்டிக் கறை இருந்தது. தங்கை மாட்டிக்கொண்டாள்.

கால் மணி நேரத்தில் அக்கா என்னைத் தனியாக அழைத்தார்.

"கூடைல அஞ்சுதான் இருக்கு. நான் யாரையும் தப்பு சொல்லல. ஆனா ஒன்னு உள்ள நின்னாக்கூட நீ எழுதற பூஜ்ஜியம் பொய்யாயிடும். பொய் சொல்லி வாங்குற விருது எனக்கு வேணாம். போய்ப் பாத்துட்டு வா."

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் நான் பதிலுக்கு எகிறியிருப்பேன்.

தங்கை வாளிகளுக்கு நடுவே வேகமாகப் பறித்துக்கொண்டிருந்தாள். "இருமலே வரல பாருக்கா. எந்த மேடத்தோட லிப்ஸ்டிக்கோ, ஓசில மேக்கப்பும் ஆச்சு."

"கழட்டு."

"இந்த வரிசைய மட்டும் முடிச்சுக்கறேனே."

நானே கழற்றினேன். வார் அவள் கூந்தலில் சிக்கியது. இழுத்தேன்; நாலு முடி கூடவே வந்தது. அவள் பழைய துணியை எடுத்து இரண்டாக மடித்துக் கட்டிக்கொண்டாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

ஆறாவது முகமூடி கூடைக்குப் போனது. பலகையில் பூஜ்ஜியம் போட்டேன். விருது எங்களுக்குத்தான் என்று அறிவித்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். தட்டி ஓய்ந்தபோது மூன்றாம் அறையிலிருந்து இருமல் கேட்டது. அது நிற்கிற வழியாக இல்லை.

லிப்ஸ்டிக் போட்ட அம்மாள் திரும்பினார். "யாருங்க அது, பாவம்?"

அக்கா என்னைப் பார்த்தார்.

"புதுசா வந்த பொண்ணுங்க. லேசா சளி," என்றேன்.

போய் அறைக் கதவைச் சாத்தினேன். தூள் வெளியே வராதபடி பார்த்துப் பார்த்துச் செய்த கனமான மரக்கதவு அது. சாத்திய பிறகு யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.