துளை வைக்கும் இடம்

தேத்தண்ணிப் பீப்பாவுக்கு அடிநடுவில் எதற்குத் துளை? கேட்காதே. சந்தோசமாக நிற்கிறான். கேட்காதே.

றொஷினி கவிழ்த்து வைத்த பியர் பீப்பாவை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தாள். அவள் கணவன் டெனிஸ்டன் அதன் அடியில், சரியாக நடுவில், கறுப்பு மார்க்கரால் வட்டம் போட்டுவிட்டு, தள்ளி நின்று தலையைச் சரித்துப் பார்த்தான். பிறகு ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி டிரில்லுக்கு ஊசி தேடினான்.

லாசால் பகுதியில் பழைய இரும்பு விற்கிற ஒருவரிடம் வாங்கிய பீப்பா அது. மடுமாதா பெருநாளுக்குத் தேத்தண்ணி போட, சுடுதண்ணி கொதிக்க வைக்கிற பாத்திரமாக மாற்றித் தருவதாகப் பங்குக் கோயிலில் எல்லாருக்கும் சொல்லியிருந்தான். காலையில் வால்வை அழுத்தி உள்ளே அடைந்திருந்த காற்றை வெளியேற்றியபோது, அது சீறிய சீறலில் இரண்டு பேரும் கராஜ் வாசல்வரை பாய்ந்து, பிறகு சிரித்தார்கள். கிரைண்டரால் மேற்பகுதியை வெட்டி எடுத்ததும் புளித்த பியர் மணம் எழுந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதை அவள் நல்லதொரு அறிகுறியாகவே எடுத்துக்கொண்டாள்.

"ஏன் நடுவில வைக்கிறியள்? பக்கத்தில வைக்கலாமே," என்று கேட்டே விட்டாள். "அடுப்பு நேர கீழ நிக்கும். குழாய் நெருப்புக்குள்ள வெந்துபோகும்."

"குழாயை வளைச்சு வெளியால எடுப்பன். அந்த வீடியோவை நீதானே எனக்கு விளங்கப்படுத்தினனீ?"

விளங்கப்படுத்தியது அவள்தான். கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகள் பார்க்கிற வேலையில் அவளுக்குப் பிரெஞ்சு வந்துவிட்டது, அவனுக்கு வரவில்லை. பீப்பாவை வெட்டிப் பாத்திரமாக்குகிற அந்தப் பிரெஞ்சு வீடியோவின் நடுத்துண்டை மட்டும் அவன் போட்டுக் காட்டியிருந்தான். பக்கத்தில் துளை வைத்தால் அடியில் கொஞ்சம் தங்கும். நடுவில் வைத்தால் எல்லாம் வடிந்துவிடும் என்று அதில் பேசிய மனிதர் சொன்னார். வீடியோவின் தொடக்கத்தைப் போடச் சொல்லி அவள் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போது யோசித்தாள். கேட்டிருந்தால் அது எதற்கான பாத்திரம் என்று தெரிந்திருக்கும். அதனால்தான்.

"ஒரு சொட்டும் மிஞ்சாதெல்லோ," என்றான் டெனிஸ்டன்.

"சுடுதண்ணிதானே. மிஞ்சினா மிஞ்சட்டுமே."

அவன் முணுமுணுத்த பாட்டு நின்றுவிட்டது. வட்டத்தின் நடுவில் ஆணியை வைத்து, ஊசி வழுக்காமலிருக்கச் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி போட்டான். அந்த அதிர்வு அவள் முழங்கைவரை ஏறியது.

"வடிவாப் பிடி. நழுவினா துளை கோணலாப் போகும். பேந்து அடைக்கேலாது."

முந்தின குளிர்காலத்தில் குடித்துவிட்டுக் கார் ஓடி, லைசென்ஸைப் பறிகொடுத்தான். பின் இருக்கையில் மகள் இருந்தாள். அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவனுடைய தமக்கை மாக்கிரட் வீட்டுக்குப் போன றொஷினி, பனி கரையும்வரை திரும்பவில்லை. பாதருக்கு முன்னால் அவன் சத்தியம் பண்ணிய பிறகுதான், அதுவும் மாக்கிரட் பொறுப்பு நின்ற பிறகுதான், வந்தாள். இன்னொரு தடவை போனால் திரும்பி வருவதில்லை என்பதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. தனக்கு மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

சத்தியத்துக்குப் பிறகு அவன் நல்லவனாகத்தான் இருந்தான். வேலை, வீடு, கோயில். ஆனால் ஒரு நாளும் பாட்டு முணுமுணுத்ததில்லை. இந்தப் பீப்பா வந்த பிறகுதான் வீட்டில் மறுபடி ஒரு மனிதன் நடமாடினான். அவளுக்கு அந்த மனிதன் வேண்டும். அவனைக் கலைக்கிறவள் தானாக இருக்கக் கூடாது என்ற பயமே இத்தனை நாளும் அவள் வாயை அடைத்திருந்தது.

டிரில் ஊசியைப் பள்ளத்தில் வைத்தான். அவனுடைய போன் அடித்தது. மாக்கிரட். ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, பாதர் கேக்கிறார். சுடுதண்ணிப் பாத்திரம் வாடகைக்கு எடுக்கிறதோ, விடுறதோ? உன்ர பீப்பா பெருநாளுக்கு வருமோ?"

"வரும் அக்கா, வரும்."

"பியர் பீப்பாவுக்குள்ள மாதாவின்ர தேத்தண்ணி! சனம் மணந்து பாத்துத்தான் குடிக்கப்போகுது." மாக்கிரட் சிரித்தாள். பிறகு குரல் மாறியது. "றொஷினி பக்கத்தில நிக்கிறாளே? அவளிட்டக் குடு. தேத்தண்ணிக்குத்தான் எண்டு அவள் சொல்லட்டும். அவள் சொன்னா நம்புவன்."

டெனிஸ்டன் போனை நெஞ்சோடு அழுத்தி மறைத்தான்.

"றொஷி, இப்ப ஓம் எண்டு மட்டும் சொல்லிவிடு. பேந்து பாப்பம். நான் குடிக்கமாட்டன். பியர் காய்ச்சிப் பாக்கத்தான் ஆசை. குடிக்கிறது கிறகரியாக்கள்தான்."

அவனுடைய பழைய குடிக்கூட்டாளி கிறகரியைப் பற்றி அவள் கேட்கவேயில்லை. குடிப்பதைப் பற்றியும் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிற முகமாக அது இல்லை. தான் சொன்னதை அவனே நம்பினான். அதுதான் அவளைப் பயப்படுத்தியது.

"அக்கா காத்துக்கொண்டு நிக்கிறா," என்று கெஞ்சலாகச் சொல்லி, போனை நீட்டினான்.

றொஷினி பீப்பாவிலிருந்து கைகளை எடுத்தாள். போனை வாங்கவில்லை.

"நான் சொல்லமாட்டன்," என்றாள், மாக்கிரட்டுக்குக் கேட்காத அளவுக்கு மெல்ல. "நீங்களே சொல்லுங்கோ."