ஏழாம் நம்பர் சுண்டெலி

கோகுல்நாத், வயது இருபத்துமூன்று, கோயம்புத்தூரிலிருந்து வந்து புனே சாங்வியில் ஒற்றை அறையில் குடியிருக்கும் ஆய்வுக்கூட உதவியாளன், அன்று காலை மூன்று கிழட்டுச் சுண்டெலிகளை ஒரே கூண்டில் போட்டான். குளிருமே என்றுதான் போட்டான்.

டிசம்பர் மாதம். காது சோதனை முடிந்த கையோடு ஆய்வுக்கூடத்தில் கரண்ட் போய்விட்டது. மயக்க ஊசி போட்ட எலிகள் விழிக்கும்வரை உடம்பு ஆறக் கூடாது. சூட்டு மெத்தை வேலை செய்யவில்லை. இருந்தது ஒரே ஒரு வெந்நீர்ப் பை.

மூன்றும் இரண்டு வயது தாண்டிய ஆண்கள். அந்த வயதில் இந்த எலிகளுக்குக் காது போய்விடும். ஒலியை வாங்கி மேலே அனுப்பும் மூளைத்தண்டு செல்களுக்கு என்னதான் ஆகிறது என்பது ரமா மேடத்தின் ஆராய்ச்சி. ஐந்தாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் சுத்தச் செவிடு. ஏழாம் நம்பருக்கு மட்டும் இன்னும் கேட்டது.

"நாளைக்கு இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணணும். ஒரு தடவ வந்தத யாரும் நம்ப மாட்டாங்க," என்று சொல்லிவிட்டுத்தான் மேடம் டீ குடிக்கப் போயிருந்தார். "அது செத்துச்சுன்னா நீ பேசாம கோயம்புத்தூர் வண்டி ஏறிடு, சம்ஜா? புரிஞ்சுதா?"

முதலில் விழித்தது ஒன்பது. பக்கத்தில் வேற்று ஆணின் வாடை. எழுந்த வேகத்தில் ஐந்தின் முதுகில் பல்லைப் பதித்தது. ஐந்து திரும்பிக் கடித்தது. ஏழும் தள்ளாடி எழுந்து சண்டைக்குள் விழுந்தது. மரத்தூள் பறந்தது. ஒரு வால் பாதியாகக் கிடந்தது. கூண்டின் சுவரில் ரத்தம் கோடு கோடாகத் தெறித்தது.

கோகுல்நாத் கையை உள்ளே விட்டான். கட்டைவிரல் நகத்தோடு கிழிந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பதறிப்போய் எவர்சில்வர் தட்டை எடுத்து மேஜையில் ஓங்கி அடித்தான். குட்டிகள் சண்டை போட்டால் அப்படித்தான் விலக்குவான்.

ஐந்து சத்தத்தைச் சட்டை செய்யவில்லை. ஒன்பதும் சட்டை செய்யவில்லை. ஏழு மட்டும் திடுக்கிட்டு, காதை விறைத்து, சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பியது.

அந்த நொடியில் ஒன்பது அதன் தொண்டையைக் கவ்வியது.

ரமா மேடம் ஓடி வந்தார். "அரே, க்யா கர் தியா! என்ன பண்ணி வச்சிருக்க! ஏழுக்கு உயிர் இருக்கா?"

"மூச்சு வருதுங்க மேடம். குளிருதேன்னு ஒண்ணாப் போட்டுட்டேனுங்க..."

"அழாத. இனி இது பிழைக்காது. செத்து ஆறிட்டா மூளைல இருக்கிற செல் கெட்டுப்போயிடும். கத்தரிய எடு."

"நானுங்களா?"

"பின்ன உங்க அப்பாவா வருவாரு? பிடி!"

பெரிய கத்தரி. ஈரமான சூடான கழுத்து. கண்ணை மூடினான்.

"கண்ணத் திறந்து வெட்டுடா!"

திறந்தான். வெட்டினான். தலை தனியாக விழுந்தது. மேடம் மண்டையோட்டைப் பிளந்து மூளைத்தண்டை ஃபார்மலினில் இறக்கினார்.

"ரெண்டாவது டெஸ்ட்டும் இல்லாமப் போச்சு."

"அதுக்குக் காது கேட்டுச்சுங்க மேடம். நான் தட்டினேன், அது மட்டும் திரும்பிச்சு. திரும்பினதாலதான்..."

மேடம் அவன் விரலைப் பார்த்தார். கட்டுத்துணியைத் தூக்கிப் போட்டார். வண்டி ஏறச் சொல்லவில்லை.

மாலையில் கோகுல்நாத் கூண்டறைக் கதவில் ஒரு தாளை ஒட்டினான். இந்தியில் எழுதி, கீழே தமிழிலும் எழுதியிருந்தான்:

வேறு வேறு கூண்டு ஆண்களை ஒன்றாகப் போடாதீர்கள். கிழட்டு எலிகள் சண்டை போட்டால் தயவுசெய்து சத்தம் எழுப்பாதீர்கள். கடித்தாலும் பரவாயில்லை, கையை உள்ளே விட்டுப் பிரியுங்கள்.