பதினான்காவது கேள்வி

அறுபத்து மூன்றாம் தாளில் பதினான்காவது கேள்விக்கு வந்தபோது என் விரல் கணினியின் எண்பலகை மேலேயே நின்றுவிட்டது.

என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக உளவியல் துறையில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறையில், நானும் இன்னொரு பெண்ணும் வினாத்தாள்களைக் கணினியில் ஏற்றுகிறோம். இந்த முறை பஸ் டிப்போ ஊழியர்கள் இருநூற்றுப் பத்துப் பேர். தனிமையை அளப்பதற்கு இருபது வாக்கியங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். ஒன்று என்றால் ஒருபோதும் இல்லை, ஐந்து என்றால் எப்போதும். தனக்குப் பொருந்துவதை வட்டமிட வேண்டும். தாளில் பெயர் கிடையாது, வரிசை எண் மட்டும்தான். ஒரே தாளை நாங்கள் இருவரும் தனித்தனியாக ஏற்றுவோம். பிறகு கணினி இரண்டையும் ஒப்பிட்டு, யார் எங்கே தூங்கி வழிந்தோம் என்று காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் ஸ்பீடு. என்னைவிட இரண்டு மடங்கு தாள், மூன்று மடங்கு தப்பு.

இருபதில் நான்கு வாக்கியங்கள் தலைகீழானவை. மற்றவை குறையைக் கேட்கும், இவை நிறைவைக் கேட்கும். படிக்காமலே வரிசையாக ஒரே எண்ணைப் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பிடிக்க அப்படி ஓர் ஏற்பாடு. ஏற்றும்போது அந்த நான்கை மட்டும் திருப்பிப் போட வேண்டும். ஒன்று ஐந்தாகும், ஐந்து ஒன்றாகும். பதினான்கு அந்த வகை: 'மனம் விட்டுப் பேச எனக்கு ஒருவர் இருக்கிறார்.'

அறுபத்து மூன்றில் ஒன்றைச் சுற்றி வட்டம் இருந்தது. மேலே மூடாத வட்டம். எங்கள் வீட்டுக் காலண்டரில் கேஸ் சிலிண்டர் வந்த தேதியைச் சுற்றி என் கணவர் மாதாமாதம் போடுகிற வட்டம்.

அவர் அந்த டிப்போவில்தான் மெக்கானிக். தாள்கள் வந்த அன்றே இதை, இந்த ஆய்வை நடத்தும் மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது ஒன்றைத் திருப்பி ஐந்து என்று தட்டினேன். தட்டியது என் விரல்தான்.

"என்னக்கா, ஒரு தாளுக்கு ஒரு மணி நேரமா?" என்றாள் ஸ்பீடு.

"எழுத்து சரியாத் தெரியல."

"இதுல எழுத்தே இல்லையேக்கா!"

இரண்டு நாள் எனக்கு எதுவும் ஓடவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். இருவரில் ஒருவருக்குப் பேச ஆளில்லை என்றால் மற்றவள் எதற்கு? கோபமாகத்தான் வந்தது. குழம்பை அவர் தட்டில் ஊற்றினேன் என்பதைவிடக் கொட்டினேன் என்பதே சரி. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் கோபமாக வந்தது.

மூன்றாம் நாள் நூற்றுப் பதினெட்டாம் தாள் வந்தது. அதே மூடாத வட்டங்கள். பதினான்காவது கேள்விக்கு நான்கு. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதுவா அதுவா, எனக்குத் தெரியவில்லை. இருபத்தெட்டு வருஷம் பார்த்த கை. சத்தியமாகத் தெரியவில்லை. கோபம் போய்விட்டது.

மேடத்தின் அறைக்குப் போனேன். என் பெண் வயதுதான் அவருக்கு.

"மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"எந்தத் தாள்ல?"

"தாள்ல இல்ல மேடம். என்கிட்ட." எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "மொத நாளே சொல்லியிருக்கணும்மா. மீதித் தாளை நீங்க தொட வேண்டாம், பக்கத்து ரூம்ல குடுத்துடறேன். நீங்க ஏத்தினதையும் திரும்ப ஏத்தச் சொல்றேன். உங்களுக்கு அடுத்த வாரம் பள்ளிக்கூடத் தாள் வருது."

வேலை போகவில்லை. மூச்சு வந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "ரெண்டுல எது அவரோடதுன்னு மட்டும்..."

"எனக்கும் தெரியாது. தெரியக்கூடாதுன்னுதானே பேரே வாங்கல? ரெண்டுமே அவரோடதா இல்லாமலும் இருக்கலாம். வட்டத்தை முழுசாப் போடறதுக்குப் பொறுமை இல்லாதவங்க டிப்போவுல ஒருத்தர்தானா?"

"வீட்ல கேக்கலாமா மேடம்?"

"தாளைப் பத்தி மூச்சு விடக்கூடாது." பிறகு சிரித்துவிட்டார். "மத்தபடி உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்க பேசறதுக்கு என்கிட்டயா பர்மிஷன் கேப்பீங்க?"

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். போன வருஷம் நேர்காணல் வேலைக்காக எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். கேள்விக்குள் பதிலை வைக்காதே. கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணு. நடுவில் நீ பேசாதே. அதன்படி வீடு வீடாக ஏறி இறங்கி, முன்பின் தெரியாதவர்களிடம் எவ்வளவு மனசுப் பேச்சு வாங்கி வந்தேன்! வீட்டில் நான் கேட்பது என்ன? 'சாப்பாடு நல்லாத்தானே இருக்கு?' 'வேலையெல்லாம் சரியாத்தானே போகுது?' அவர் 'ம்' என்பார். வேறு என்னதான் சொல்ல முடியும்? இந்த லட்சணத்தில் யாராவது ஒரு நேர்காணல் எடுத்து வந்திருந்தால் மேடம் அதைக் குப்பையில் போட்டிருப்பார்.

ஆறரை மணிக்கு அவர் கைகால் கழுவிவிட்டு மேஜை முன் உட்கார்ந்தார். தண்ணீர் டம்ளரை வைத்தேன். துடைக்கும் துணியைக் கையில் வைத்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் நான் உட்காருகிற வழக்கமில்லை.

"இன்னைக்கு டிப்போவுல என்ன நடந்துச்சு?"

நிமிர்ந்து பார்த்தார். "ஏன்? எவனாவது ஏதாவது சொன்னானா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. சும்மாதான் கேட்டேன்."

எண்ண ஆரம்பித்தேன். மூன்றில் அவர் தண்ணீர் குடித்தார். ஐந்தில் ஜன்னலைப் பார்த்தார். ஆறில் 'சரி, விடுங்க' என்று எழுந்துவிடத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏழுக்குப் போனேன்.

எட்டில் தொண்டையைச் செருமினார். "ஒரு வண்டி. மூணு நாளா ஒரு சத்தம். ஃபோர்மேன்லேர்ந்து எல்லாரும் இன்ஜின் இன்ஜின்னாங்க. நான் சக்கரத்துல பேரிங்கைப் பாருங்கடான்னேன். ஒருத்தன் காதுல வாங்கல."

'நீங்கதான் அழுத்திச் சொல்லியிருக்கணும்' என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன். அது விதிப்படி சரியான கேள்வி.

"அப்புறம் என்ன? இன்னைக்குக் கழட்டிப் பாத்தானுங்க. பேரிங்தான்!" குரல் ஏறியது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று எண்ணிச் சொல்ல என்னிடம் தாள் இல்லை. டம்ளர் விட்டிருந்த ஈரத்தில் விரலைத் தோய்த்து மேஜைமேல் சுற்றிக்கொண்டு வந்தவர், வட்டம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினார்.

"பாரு, சரியா இந்த இடத்துல தேஞ்சு போயிருந்துச்சு," என்று அந்த இடைவெளியில் விரலை வைத்தார்.

நான் குனிந்து பார்த்தேன். துணி என் கையில்தான் இருந்தது. ஈரம் ஓரத்திலிருந்து மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது. அவர் மறுபடி விரலை நனைத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு சக்கரத்தை வரைய ஆரம்பித்தார்.