பார்க்காமல் எழுதிய அறுபத்திரண்டு

“அப்பா, ஊசியில போற மருந்துக்கு அம்மாவோட கட்டி எங்க இருக்குன்னு யாரு வழி சொல்லுவாங்க?”

முதல் ஊசியன்று மகள் கேட்டது. லிஃப்ட் மெக்கானிக் சிரித்து மழுப்பிவிட்டான். மருந்துக்கு வழி தெரியாது என்பது பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. புற்றைக் கொல்லப் போகும் அந்தச் சிவப்பு மருந்து, போகிற போக்கில் நெஞ்சையும் ஒரு கை பார்த்துவிடும். அதனால் தொடங்கும் முன் ஒரு முறை, நான்காவது ஊசிக்கு முன் ஒரு முறை இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார்.

நான்காவது ஊசியன்று காலை, வீட்டுப் படி இறங்குவதற்குள் மனைவி இரண்டு முறை நின்றாள்.

“லிஃப்ட்காரனைக் கட்டியும் படியிலயே மூச்சு வாங்கணும்னு என் தலையெழுத்துங்க,” என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய கணுக்கால் வீங்கியிருந்தது.

வார்டில் ஃபைலைப் புரட்டினான். இதயம் ரத்தத்தை இறைக்கும் அளவு: அறுபத்திரண்டு சதவீதம். முதல் ஸ்கேனிலும் அதே அறுபத்திரண்டு. தேதி மட்டும் புதிது, போன செவ்வாய்.

“டாக்டர், போன செவ்வாய் இவ வீட்டை விட்டே வரலை. யாரோட நெஞ்சைப் பார்த்தீங்க?”

சின்ன டாக்டர் தலை நிமிரவில்லை. “மெஷின் ரிப்பேர். முன்னாடி நல்லாதானே இருந்துச்சு? அதையே போட்டோம்.”

“முந்தா நாள் லிஃப்ட் கயிறு அறுந்து போகலைன்னு நான் இன்னைக்குக் கையெழுத்துப் போட்டா, என்னை ஜெயில்ல வைப்பாங்க. உங்களுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?”

“நீங்க லிஃப்டைப் பாருங்க. நாங்க நோயாளியைப் பார்த்துக்கறோம்.”

“பார்க்கலையே. அதைத்தானே கேக்கறேன்.”

அவன் ஃபைலை அவர் முன்னால் தள்ளினான். நெஞ்சைக் கடவுள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்தது, பார்க்காமலே எழுதிக்கொள்ளவா?

மருந்து ஏற்ற வந்து நின்ற மூத்த நர்ஸ், மருந்துப் பையைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். “ஸ்கேன் வராம நான் ஏத்த மாட்டேன், டாக்டர். கீழ் மாடியில இன்னொரு மெஷின் இருக்கு.”

“உங்களைக் கேக்கலை, சிஸ்டர்.”

“தெரியும். நானாத்தான் சொல்றேன்.”

ஒரு மணி நேரத்தில் கீழிருந்து அளவு வந்தது: நாற்பத்தாறு. பெரிய டாக்டர் ஓடி வந்தார். சிவப்பு மருந்தை நிறுத்தினார். இதயத்துக்கு மாத்திரை தொடங்கினார். புற்றுக்கு வேறு மருந்து எழுதினார். மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, வீக்கம் வடிந்த காலோடு மனைவி வந்தாள். வார்டில் அந்த நர்ஸ் இல்லை. விசாரித்துக்கொண்டு போனபோது, ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தின் படியில், கைப்பிடியை இறுகப் பிடித்து, முழங்கால் வலிக்க ஏறிக்கொண்டிருந்தார்.

“எதிர்த்துப் பேசினதுக்குப் பிரமோஷன், தம்பி. நாலாவது மாடி ரெக்கார்டு ரூம்,” என்று சிரித்தார்.

நல்லதைச் செய்தவருக்குத் தண்டனை. பொய் எழுதியவருக்கு அதே நாற்காலி. பக்கத்தில் லிஃப்ட் கதவில் ‘பழுது’ என்ற காகிதம் பழுப்பேறித் தொங்கியது. அவன் கம்பெனியின் பொறுப்பில் இருந்த லிஃப்ட்தான். எட்டு மாதமாக ஆள் வரவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிறு விடுமுறை. கட்டடம் காலியாக இருந்த மத்தியானம் தனியாக வந்தான். மொட்டை மாடி இயந்திர அறையில் பிரேக்கைக் கழற்றிப் பழுது பார்த்து மறுபடி பூட்டினான். கயிறுகளை ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார்த்தான். பிறகு தானே ஏறி, நான்கு மாடியும் ஆறு முறை போய் வந்தான்.

அதன்பின்தான் சோதனை அட்டையில் கையெழுத்திட்டான். ‘பழுது’ காகிதத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, வாசல் படி இறங்கிப் போனான்.