ஈரம் இருக்கும்போதே

குவீன்ஸ்டவுனில் அம்மா அல்போன்சம்மாளோடு வசிக்கும் ஷார்லீனுக்கு, பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பாலிமர் சவ்வு செய்யும் வேலை. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய சவ்வு அது. உப்புநீரை அதன்மேல் அழுத்தினால் லித்தியம் கடந்து போக வேண்டும், மெக்னீசியம் இந்தப் பக்கமே நிற்க வேண்டும். ஒரே ஒரு முறை அப்படி நின்றது. அதை நம்பி ஆய்வுத் தலைவர் வெளியே சொல்லியும்விட்டார். அதன்பிறகு அவள் செய்த சவ்வுத் தாள்களெல்லாம் மெக்னீசியத்தையும் விட்டு ஒழுகின. அந்த ஒரு தாளையே தப்பாக அளந்துவிட்டோமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கைவிடுவதாகச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

அன்று காலை லிஃப்ட் வாசலில் வருண் எதிர்ப்பட்டான். மேல்மாடியில் இதே சவ்வுக்காகப் போட்டி போடும் குழுவில் இருப்பவன். முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டான். போட்டிக்காரனிடம் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் மனசு தாங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கேட்டு முடித்தவன், கொஞ்சம் இருங்கள் என்று படியேறிப் போனான். போனவன் வரவில்லை. உளறிவிட்டோமே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

மத்தியானம் வந்தான், கையில் ஒரு ரப்பர் உருளையோடு. தன் தலைவரிடம் அனுமதி கேட்கப் போயிருந்தானாம். அவர் வெகுநேரம் யோசித்துத்தான் சம்மதித்தாராம். ஷார்லீன் வழக்கம்போலத் தாளை முதல் கரைசலில் நனைத்து, மிச்ச ஈரத்தை அந்த உருளையால் வழித்தாள்.

"போதும், ஷார்லீன். இதுக்கு மேல வழிச்சா காஞ்சிடும், ஊசி ஓட்டை விழுந்துடும். நாங்களும் போன வருஷம் முழுக்க இதுலதான் மாட்டிக்கிட்டோம்."

ஈரப் பளபளப்பு மாறுவதற்குள், சவ்வு படிவதற்கான இரண்டாம் கரைசலை ஊற்றினாள். அந்தத் தாள் ஒழுகவில்லை. அடுத்ததும் ஒழுகவில்லை. எங்களிடம் ஏன் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"எங்களுக்கு யாரும் சொல்லல. அந்த வருஷம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு லா."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும், அம்மாவோடு போய், சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அவனை வரவழைத்தாள். அல்போன்சம்மாளுக்கு லித்தியமும் தெரியாது, மெக்னீசியமும் தெரியாது. மகள் மறுபடி நிம்மதியாகத் தூங்குகிறாள் என்பது தெரியும். தன் இலையிலிருந்த வறுத்த மீனை எடுத்து அவன் இலையில் வைத்தாள்.

"சாப்பிடுங்க தம்பி. இன்னிக்குப் பூசையில உங்க பேரைச் சொல்லித்தான் வேண்டிக்கிட்டேன்."

வருண் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டு மீனைப் பிட்டான். ஷார்லீன் எழுந்து போய் அவனுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வாங்கி வந்தாள்.