உள்ளே கல் நிரம்பிய வீடு

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது பல் மருத்துவரின் காத்திருப்பு அறை. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் கைபேசியை நீட்டி, "எங்க வீடுங்க. உள்ளதான் போக முடியாது" என்றார். திரையில் சதுரக் கட்டைகளால் ஆன ஒரு மாடி வீடு. மேற்கொண்டு கேட்பதற்குள் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வீடு என்பது வெறும் கல்லும் மண்ணும் அல்ல, அது—"

எழுதிய கையோடு எனக்கே கொட்டாவி வந்தது. (அழிக்காமல் விட்டிருக்கிறேன். நானும் இப்படியெல்லாம் எழுதுகிற ஆள்தான் என்று உங்களுக்குத் தெரியட்டும்.)

2

அவளை அக்கா என்றே அழைப்போம். கதையில் அவளை அப்படிக் கூப்பிட ஒரே ஒருவன்தான் இருக்கிறான். அவன் ஒரு வருடமாகக் கூப்பிடவில்லை.

அக்காவுக்குக் கட்டட அலுவலகத்தில் வேலை. கட்டப்போகும் வீடுகளைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாக வரைவாள். அதை ஓர் இயந்திரம் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் வீடாக அச்சடித்துத் தரும். தம்பி கப்பலில் சமையல்காரன். சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் மாடிப்படிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான், அதனால் எலி. தாடி வளர்த்த பிறகும் எலிதான்.

அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு வீட்டை விற்பது என்று இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்தார்கள். வாங்கியவர் இடிக்கப்போகிறார் என்பது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் நடுக்கடலில் உட்கார்ந்து அழுவான் என்று, இடித்த பிறகுதான் சொன்னாள்.

"கடைசியா ஒரு தடவை பாத்திருப்பேன்ல" என்று போனை வைத்தவன்தான்.

[இங்கே எனக்கு எலி மேல் சந்தேகம் வந்தது. இதற்காக ஒருவன் ஒரு வருடம் பேசாமல் இருப்பானா? மனைவியிடம் கேட்டேன். "எங்க சித்தப்பாவும் பெரியப்பாவும் பேசி ஒம்பது வருஷமாச்சு. எதுக்குன்னு ரெண்டு பேருக்குமே மறந்துபோச்சு" என்றாள். சந்தேகம் தீர்ந்தது.]

3

கல்லூரிக் காலத்தில் அந்த வீட்டில் ஒரே கணினி, அதன் முன்னால் ஒரே நாற்காலி, ஆளுக்குப் பாதி நாற்காலி. எல்லாமே கட்டையாக இருக்கும் ஒரு விளையாட்டில் அக்கா சுவர் எழுப்புவாள், எலி அவள் சுவருக்கு அடியிலேயே சுரங்கம் தோண்டுவான். திட்டு வாங்குவான். மறுபடி தோண்டுவான்.

அந்த விளையாட்டுக்குள் வீட்டைக் கொண்டுவந்து அவன் பிறந்தநாளுக்குக் கொடுப்பது என்று அக்கா முடிவு செய்தாள். மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி வரைவதுதான். பழைய புகைப்படங்களை வைத்து மாதிரியை வரைந்தாள். அதை வாங்கிக் கட்டம் கட்டமாக வெட்டி, எங்கே சுவர் இருக்கிறதோ அங்கே ஒரு கட்டை வைத்துத் தருவதற்கென்றே ஒரு மென்பொருள் உண்டு. ஒரு கட்டை ஒரு மீட்டர். மெலிந்ததெல்லாம் அதில் ஊதிப்போகும், சின்னதெல்லாம் காணாமல் போகும். மாடிப்படிக்கு அடியில் இருந்த பொந்து காணாமல் போனது.

வினை வந்தது வேறு இடத்தில். அச்சுக்குப் போகும் மாதிரியில் சின்ன ஓட்டைகூட இருக்கக் கூடாது, உள்ளே கெட்டியாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் வீடு பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அந்தப் பழக்கத்தில் அக்கா எல்லாக் கதவுகளையும் சன்னல்களையும் மூடி வரைந்திருந்தாள்.* 'உள்ளே நிரப்பு' என்பதையும் கை தானாகவே அழுத்திவிட்டது.

கூடம், படுக்கையறை, சமையலறை எல்லாம் ஒரே கல். உள்ளே போய்ப் பார்க்காமலே தம்பிக்கு அழைப்பு அனுப்பிவிட்டாள்.

*ஒரே ஒரு சன்னலைத் திறந்து வைத்திருந்தால் போதும். வெளிக்காற்று எட்டும் இடத்தையெல்லாம் மென்பொருள் காலி என்று எடுத்துக்கொண்டிருக்கும். இதை வைத்து ஒரு தத்துவம் சொல்லக் கை துறுதுறுக்கிறது. வேண்டாம்.

4

ஞாயிறு மதியம் எலி வந்தான். அதாவது, அவனுடைய கட்டை உருவம் வாசலில் வந்து நின்றது. கதவைத் திறந்தது. எதிரே கல்.

ஒரு வரி தட்டச்சாகி வந்தது. "அடைச்சு வச்சிருக்க."

"ஐயோ, தப்பா அழுத்திட்டேன்டா. ரெண்டே நிமிஷம், மாத்திடறேன்" என்று அக்கா அடித்தாள். அதற்குள் உருவம் வாசலை விட்டுப் போயிருந்தது.

(அ) அவள் மாற்றிவிடுகிறாள். சன்னல் திறந்த, சுத்தமான வீடு. எலி விருந்தாளி மாதிரி சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, தேங்க்ஸ்" என்று போய்விடுகிறான். இந்த முடிவை எழுதிவிட்டு அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

(ஆ) இருவரும் அழுகிறார்கள். எனக்கே கூச்சமாக இருந்தது.

(இ) மாற்றும் பொத்தானில் விரலை வைத்தபோது வீட்டின் பின்பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. டொக். டொக். எலி தோண்டுகிறான். அக்கா பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். கடப்பாரையை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியே தானும் தோண்டத் தொடங்கினாள்.

5

இல்லாத வீட்டை ஞாபகத்திலிருந்து தோண்டினால் சண்டை வராமல் இருக்குமா?

"சமையலறைய இவ்ளோ பெருசா வெட்டாத" என்று எலி ஆரம்பித்தான்.

"பெருசுதான். உனக்கு பீரோவோட சேத்துதான் ஞாபகம் இருக்கும்."

"பீரோ கூடத்துல இருந்துச்சு."

"அதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சாம்?"

எல்லாம் தட்டச்சில்தான். அவன் பக்கம் எல்லாமே மொட்டை வாக்கியங்கள். ஒன்றில்கூட அந்த ஒரு சொல் இல்லை. அக்கா ஒவ்வொன்றிலும் தேடினாள்.

பிறகு எலி மாடிப்படிக்கு அடியில் போனான். அங்கே அகலமாக வெட்டிக்கொண்டே இருந்தான்.

"அங்க அவ்ளோ இடம் கிடையாதுடா. ஒரு ஆளே மடங்கித்தான் உக்காரணும்."

எலி தோண்டுவதை நிறுத்தினான். ஒரு வரி வந்தது.

"ரெண்டு பேர் உக்காந்தோமே."

ஆமாம். பள்ளியில் அவன் தோற்ற வருடம், அப்பா தேடியபோது அக்காவும் உள்ளே நுழைந்து அவன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா தன் பக்கத்திலிருந்து பொந்தை நோக்கி வெட்டினாள்.

6

ஒரே ஒரு கட்டை மிச்சம். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். தோண்டும் சத்தம் நின்றுவிட்டது. திரையின் ஓரத்தில் அவனுடைய மைக் அடையாளம் பச்சையாக மாறியது. எங்கோ கப்பல் எந்திரம் இரைவது கேட்கிறது. அதற்கு மேலே, தொண்டையைச் செருமும் ஓசை.

அடுத்த வரியை நான் பலமுறை எழுதி அழித்துவிட்டேன். இவ்வளவு நேரம் அவளை அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது நானும் நீங்களும்தான். நான் நிறுத்திக்கொள்கிறேன். நீங்களும் கொஞ்சம் பேசாமல் இருங்கள்.

அவன் கூப்பிடட்டும்.